குழாய் போகும் வழியே: வட டெக்சாஸ் கவுண்டிகளில் ஒரு பயணம்

ஞாயிறு, ஃபிரிஸ்கோ

டெக்சாஸில், மாநிலத்தின் ஆட்சி உட்பிரிவுகளான கவுண்டிகள் 254 உள்ளன. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் இடையில் அம்மாநிலத்தின் மக்கள்தொகை 2,51,45,561இலிருந்து 2,91,45,505ஆக உயர்ந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் அதற்கு இரண்டு இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன. அதே பத்தாண்டுகளில் 143 கவுண்டிகளில் மக்கள்தொகை குறைந்திருக்கிறது. கூடிய நாற்பது லட்சம் பேரில் பெரும்பகுதியினர் ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின், சான் அன்டோனியோ ஆகிய பெருநகரங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள கவுண்டிகளிலும் குடியேறியவர்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் புவியியல் கற்பித்த எனக்கு, நிரம்புகிற கவுண்டிகளிலும் வற்றுகிற கவுண்டிகளிலும் வாழ்கிறவர்கள் இந்த மாற்றத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நேரில் கேட்டறிய வேண்டும் என்ற ஆவல் இருந்தது. தங்கையின் குடும்பம் ஃபிரிஸ்கோவில் இருப்பதால் அதற்கு வாய்ப்பும் அமைந்தது. 2025 அக்டோபர் மாதத்தின் இந்த வாரத்தில் அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதிப் பதிவிடுகிறேன்.

ஃபிரிஸ்கோ, காலின் கவுண்டியிலும் டென்டன் கவுண்டியிலும் பரவிக் கிடக்கும் நகரம். 1990இல் இங்கே ஆறாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். 2000இல் 33,714 பேர். 2010இல் 1,16,989 பேர். 2020இல் 2,00,509 பேர். காலின் கவுண்டி முழுவதையும் எடுத்துக்கொண்டால் 2010இல் 7,82,341ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 10,64,465 ஆயிற்று. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017இல் பக்கத்து நகரமான பிளேனோவில் திறந்தது. பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதே வட்டாரத்தில் வளாகங்களை எழுப்பின. மாநில வருமான வரி கிடையாது. பள்ளிகளுக்கு நல்ல பெயர். வீடு கட்டத் தட்டையான நிலம் தாராளமாக இருந்தது. ஒரு கவுண்டி நிரம்பி வழிய இவையே போதுமானவை.

அந்த நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது கரிசல். கோவில்பட்டியில் நான் மிதித்து வளர்ந்த அதே வகை மண். மண்ணியல் வகைப்பாட்டிலும் இரண்டும் ஒரே இனம்தான். இங்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன் பருத்திதான் விளைந்தது. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் இது. அதன் மேல் கான்கிரீட் தளம் போட்டு வீடு கட்டியிருப்பதால், கோடையில் மண் சுருங்கும்போது தளமும் விரிசல் விடுகிறது. இன்று மாலை என் மைத்துனர் வீட்டைச் சுற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பதித்திருந்த கறுப்பு ரப்பர் குழாயின் திருகைத் திறந்தார். குழாயின் உடல் முழுவதும் நுண்துளைகள். ஓசையில்லாமல் வியர்ப்பது போல நீர் கசிந்து மண்ணுக்குள் இறங்கியது. செடிக்கோ புல்லுக்கோ ஊற்றும் நீர் அன்று அது; அடித்தளத்துக்கு ஊற்றும் நீர். தெருவில் பல வீடுகளில் இந்த ஏற்பாடு உண்டு என்றார். இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். நகராட்சியிலிருந்து என்றார். நகராட்சிக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, அதை இதுவரை யாரும் தம்மிடம் கேட்டதில்லை என்றார். இந்தப் பயணத்தின் பாதை அப்போதே முடிவாகிவிட்டது.

திங்கள், மெக்கின்னி

மெக்கின்னி, காலின் கவுண்டியின் தலைநகர். சதுக்கத்தின் நடுவே பழைய நீதிமன்றக் கட்டடம் இன்று கலையரங்கமாக இருக்கிறது. சுற்றிலும் செங்கல் முகப்புக் கடைகள். ஊர்க்காரர்களைச் சந்திக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இங்கே எல்லோர் வாயிலும் முதலில் வருவது 380ஆம் நெடுஞ்சாலை. காலின் கவுண்டியின் வடபாதியைக் கிழக்கு மேற்காக வெட்டிச் செல்லும் இந்தச் சாலையை ஒட்டித்தான் பிராஸ்பர், மெக்கின்னி, பிரின்ஸ்டன், ஃபார்மர்ஸ்வில் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. 2010இல் 9,423 பேர் இருந்த பிராஸ்பரில் 2020இல் 30,174 பேர். சற்று வடக்கே செலைனாவில் 2020இல் 16,739ஆக இருந்த எண்ணிக்கை, 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 50,000ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவு பேரையும் ஒரே சாலை சுமக்க முடியாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மாநிலப் போக்குவரத்துத் துறை புறவழிச்சாலை ஒன்றைத் திட்டமிட்டது. மெக்கின்னியின் மேற்கு விளிம்பில் அது எந்தப் பக்கமாகத் திரும்புவது என்பதில்தான் சண்டை மூண்டது. ஒரு தடம் பிராஸ்பர் எல்லைக்குள் புகுந்து, உடற்குறையுள்ள சிறாருக்குக் குதிரையேற்றத்தின் வழியே சிகிச்சை தரும் ஒரு நிலையத்தை ஒட்டிச் சென்றது. மற்றொன்று மெக்கின்னியின் குடியிருப்புகளை உரசிச் சென்றது. பிராஸ்பர் தன் எல்லைக்குள் சாலை வரக்கூடாது என்று தீர்மானம் போட்டது. 2023இல் அரசு மெக்கின்னித் தடத்தையே இறுதியாக்கியது. அதை இன்னும் ஏற்காதவர்கள் பலர்.

சதுக்கத்தில் காபிக் கடை ஒன்றில் எதிர்மேசையில் அமர்ந்திருந்த தம்பதியர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்றவர்கள். எட்டாண்டுகளுக்கு முன் இல்லினாயிலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள். புறவழிச்சாலை தம் குடியிருப்பின் பின்சுவருக்கு அருகே வரப்போகிறது என்று அவர்கள் சொன்னபோது குரலில் உண்மையான வேதனை இருந்தது. மேலும் ஆட்கள் வருவதை நிறுத்த வேண்டும் என்றார் அந்த அம்மையார். நீங்கள் வந்தபோது இங்கே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சற்று யோசித்து, அவர்களும் இதையேதான் சொன்னார்கள் என்று நேர்மையாகப் பதில் தந்தார். கலிபோர்னியாவை இங்கே கொண்டுவராதே என்ற பொருளில் வண்டிகளின் பின்னால் ஒட்டப்படும் சிறு பட்டைகளை இந்த வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கலாம். அவற்றை ஒட்டியவர்களிலும் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் உண்டு என்று அவருடைய கணவர் சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மீதான எதிர்வினை வேறு வகையானது. அதை மூடிமறைப்பதில் பயனில்லை. ஃபிரிஸ்கோவில் நால்வரில் ஒருவருக்கும் மேல் ஆசிய வம்சாவளியினர். அவர்களில் மிகுதியானோர் இந்தியர்கள். 2022 ஆகஸ்டில் பிளேனோவில் ஓர் உணவகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் இந்திய வம்சாவளிப் பெண்கள் நால்வரை ஒரு பெண் வசைபாடித் தாக்கியதும், அவர் கைது செய்யப்பட்டதும் நம் ஊர்த் தொலைக்காட்சிகளில்கூட வந்தன. என் தங்கை அதன் பிறகு சில மாதங்கள் இரவில் அந்தப் பக்கமே போகவில்லை என்றாள். சாலை நெரிசலைப் பற்றிய கோபமும் முகத்தின் நிறத்தைப் பற்றிய வெறுப்பும் ஒரே கூட்டத்தில், ஒரே மேடையில், ஒரே சொற்களைக் கொண்டு வெளிப்படும்போது, முன்னதைக் கேட்பதற்காகப் பின்னதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் முன்னதைக் கேட்டே ஆக வேண்டும்.

செவ்வாய், பிரின்ஸ்டன்

மெக்கின்னியிலிருந்து கிழக்கே பத்து மைல்தான் பிரின்ஸ்டன். காலையில் மைத்துனரும் நானும் எதிர்த்திசையில் சென்றதால் விரைவாகப் போய்விட்டோம். மறுபக்கத்தில் மேற்கு நோக்கி வேலைக்குச் செல்கிறவர்களின் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

இந்த ஊரின் எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். 2010இல் 6,807. 2020இல் 17,027. 2024 ஜூலையில் 37,000க்கும் மேல். 2023க்கும் 2024க்கும் இடைப்பட்ட ஓராண்டில் மட்டும் 30 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்து, 20,000க்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட அமெரிக்க நகரங்களில் மிக விரைவாக வளரும் நகரம் என்ற பெயரைப் பெற்றது. இந்தப் பெயர் கிடைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2024 செப்டம்பரில், நகரமன்றம் புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு அனுமதி தருவதை 120 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. பின்னர் அதை நீட்டித்தது. குடிநீர், கழிவுநீர், சாலை, காவல் ஆகியவை மக்களின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதே காரணம். தெற்கே ஹேஸ் கவுண்டியில் உள்ள டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் 2021இலும், ஹூஸ்டனுக்கு வடக்கே உள்ள கான்ரோ 2024இலும் இதுபோன்ற தடைகளைக் கொண்டுவந்தன. தொழில் வளர்ச்சியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஒரு மாநிலத்தில், வீடு கட்டாதே என்று ஒரு நகரமே சொல்வது சிறிய செய்தி அன்று.

ஆனால் தடை போட்ட பின்னும் வீடுகள் எழும்பிக்கொண்டேயிருக்கின்றன. முன்பே அனுமதி பெற்ற மனைகளைத் தடை கட்டுப்படுத்தாது. நகர எல்லைக்கு வெளியே நகரமன்றத்தின் கை அவ்வளவாக நீளாது. கவுண்டிக்கோ, டெக்சாஸ் சட்டப்படி, நிலத்தை இன்ன காரியத்துக்குத்தான் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் அதிகாரம் அநேகமாக இல்லை. ஒரு நீதிபதியும் நான்கு ஆணையர்களும் கொண்ட கவுண்டி மன்றம் சாலை போடலாம், சிறை நடத்தலாம், மனைப்பிரிவு வரைபடத்தைச் சரிபார்க்கலாம். கட்டுநர் சட்டப்படி எல்லாம் செய்திருந்தால் மறுக்க முடியாது. அங்கே கட்டுநர்கள் தனிப் பயன்பாட்டு மாவட்டங்களை உருவாக்கிக்கொள்கிறார்கள். அந்த மாவட்டம் கடன்பத்திரம் வெளியிட்டுக் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போடும். வீடு வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் சொத்து வரியோடு சேர்த்து அந்தக் கடனை அடைப்பார்கள். வளர்ச்சியைத் தடுக்கும் சாவி யார் கையிலும் இல்லாதபடி பூட்டு செய்யப்பட்டிருக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு வயலோரம் வண்டியை நிறுத்தினேன். வைக்கோல் உருளைகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் நடுவே நிலம் விற்பனைக்கு என்று ஓர் ஆளுயரப் பலகை. வேளாண் நிலத்துக்கு அதன் விளைச்சலைக் கொண்டுதான் வரி போடுகிறார்கள், சந்தை விலையைக் கொண்டு அன்று. ஆகவே விற்கிற நாள் வரை வைக்கோல் அறுப்பார்கள், நான்கு மாடுகளை மேய விடுவார்கள். நிலத்தின் பயன் மாறும்போது முந்தைய மூன்றாண்டு வரி வித்தியாசத்தைக் கட்டினால் போதும். அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்து அறுக்கும் நடுவயதுக்காரர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து பேசினார். அவருடைய தாத்தா இதே பக்கத்தில் வெங்காயம் பயிரிட்டவர். நிலச் சொந்தக்காரரின் பிள்ளைகள் விற்க முடிவு செய்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் விற்றிருப்பேன் என்றார். பிறகு, டிராக்டரைச் சாலையில் ஒரு மைல் ஓட்டிச் செல்வதற்குள் பத்துப் பேர் ஒலிப்பானை அழுத்துகிறார்கள் என்றார். விலை போன நிலத்தைவிட அந்த ஒலிப்பான்தான் அவரை அதிகம் வருத்துவதாக எனக்குப் பட்டது.

மதியம் ஃபார்மர்ஸ்வில். வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். 2015இல் இங்கே முஸ்லிம்கள் ஓர் இடுகாடு அமைக்க முயன்றபோது ஊரில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. சில ஆண்டுகள் இழுபறிக்குப் பின் மத்திய நீதித் துறையுடன் நகரம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. வாழ வருகிறவர்களுக்கு எதிர்ப்பு என்பது புதிதன்று. இறந்தவர்களுக்கு இடம் கேட்டபோதும் அது எழுந்தது என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

புதன், ஃபானின் கவுண்டி

காலின் கவுண்டியின் பெரும்பகுதிக்குக் குடிநீர் தருவது வட டெக்சாஸ் நகராட்சி நீர் மாவட்டம். 1951இல் தொடங்கிய அந்த அமைப்பு முதலில் லேவன் ஏரியை நம்பியிருந்தது. பின்னர் வேறு ஏரிகளிலிருந்தும் நீர் எடுத்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளின் வறட்சியில் புல்வெளிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் நீர் ஊற்றலாம் என்று கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. மைத்துனருக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் அவர் அடித்தளக் குழாயைப் பதித்தார்.

இந்த நீரின் ஒரு பகுதி இப்போது ஃபானின் கவுண்டியிலிருந்து வருகிறது. அங்கே பான்ஹம் நகருக்கு வடகிழக்கே போடார்க் ஓடையை மறித்து, 16,641 ஏக்கர் பரப்பில் ஓர் ஏரி கட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ முப்பதாண்டுகளில் டெக்சாஸில் கட்டப்பட்ட முதல் பெரிய நீர்த்தேக்கம் இதுவே. 2018இல் வேலை தொடங்கி, 2021இல் நீர் தேக்கத் தொடங்கி, 2023இல் லெனர்ட் என்ற ஊரின் சுத்திகரிப்பு நிலையம் வழியாகக் காலின் பக்கம் நீர் போகத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் படகுகளுக்கும் மீன்பிடிப்போருக்கும் ஏரியைத் திறந்துவிட்டார்கள்.

கரையில் நின்றபோது காற்று பலமாக இருந்தது. நீரின் நடுவே பட்டுப்போன மரங்களின் நுனிகள் கூட்டம்கூட்டமாக நீட்டிக்கொண்டிருந்தன; மீன்களுக்குப் புகலிடமாகட்டும் என்று வெட்டாமல் விட்டவை. புதிய பாலத்தின் தொடக்கத்தில், பழைய சாலையின் தார் நேராகச் சரிந்து நீருக்குள் இறங்குவதைக் கண்டேன். நடுக்கோட்டின் மஞ்சள் வண்ணம் நீருக்கடியில் இரண்டடி ஆழம் வரை தெரிந்தது, அதற்கப்பால் கலங்கல்.

பான்ஹம் கடைத்தெருவில் இரும்புச் சாமான் விற்கும் ஒரு முதியவரிடம் ஏரியைப் பற்றிக் கேட்டேன். ஏரிக்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் அவருடைய மனைவியின் குடும்பமும் ஒன்று. பணம் சரியாகத் தந்தார்கள், அதில் குறையில்லை என்று முதலில் சொன்னார். ஏரியால் வியாபாரமும் சற்று நடக்கிறது, மீன்பிடிக்க வருகிறவர்கள் கயிறும் விளக்கும் வாங்குகிறார்கள் என்றார். பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, விற்க மாட்டோம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இருந்ததில்லை என்பதைக் காலின் கவுண்டிக்காரர்கள் அறிந்தால் போதும் என்றார். ஏரிக்காக எடுத்த நிலத்தோடு கதை முடியவில்லை. மூழ்கிய காட்டுக்கும் சதுப்புக்கும் ஈடாக இன்னொரு பெரிய பண்ணையை வாங்கி, அதில் உழவையும் மேய்ச்சலையும் நிறுத்தி, மீண்டும் இயற்கைக்கு விட்டிருக்கிறார்கள். அதுவும் இதே வட்டாரத்து நிலம்.

இதே ஃபானின் கவுண்டியின் தென்பகுதியில், லடோனியா அருகே, டென்டன் கவுண்டிப் பக்கத்து ஊர்களுக்காக ரால்ஃப் ஹால் ஏரி என்ற இன்னொரு நீர்த்தேக்கத்தின் வேலையும் 2021இல் தொடங்கியது. 2020 கணக்கெடுப்பில் 35,662 பேரைக் கொண்ட ஒரு கவுண்டி, பத்து லட்சத்தை எட்டிய இரண்டு கவுண்டிகளுக்காக இரண்டு ஏரிகளைச் சுமக்கிறது. கணக்கெடுப்பு அட்டவணையில் காலினின் வளர்ச்சி காலின் என்ற வரியில் மட்டுமே பதிவாகிறது. அதன் ஒரு பகுதியை ஃபானின் என்ற வரியிலும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

வியாழன், ரெட் ரிவர் கவுண்டி

82ஆம் நெடுஞ்சாலையில் பாரிஸ் நகரைக் கடந்து கிழக்கே சென்றால் ரெட் ரிவர் கவுண்டி. கரிசல் மெல்ல மறைந்து செம்மணலும் காடும் தொடங்குகின்றன. தலைநகர் கிளார்க்ஸ்வில். 1880களில் கட்டிய மஞ்சள் கல் நீதிமன்றம், உயர்ந்த மணிக்கூண்டோடு, இந்தப் பயணத்தில் நான் கண்ட கட்டடங்களிலேயே அழகானது. சதுக்கத்தில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. நூறாண்டுக்கு முன் 30,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த கவுண்டி இது. 2010இல் 12,860, 2020இல் 11,587.

இங்கேதான் இந்த வாரத்தின் மிகக் கடுமையான சொற்களைக் கேட்டேன். அவை நியாயமான சொற்கள் என்றும் நினைக்கிறேன்.

இக்கவுண்டியின் தெற்கு எல்லையில் சல்ஃபர் ஆறு ஓடுகிறது. அதை மறித்து, ரெட் ரிவர், டைட்டஸ், ஃபிராங்க்ளின் கவுண்டிகளில் ஏறத்தாழ 66,000 ஏக்கரை மூழ்கடித்து, மார்வின் நிக்கல்ஸ் நீர்த்தேக்கம் என்ற ஒன்றைக் கட்டும் திட்டம் பல பத்தாண்டுகளாக ஏட்டில் இருக்கிறது. நேற்று நான் கண்ட ஏரியைப் போல நான்கு மடங்கு. அதன் நீரில் பெரும்பகுதி மேற்கே டாலஸ், ஃபோர்ட் வொர்த் வட்டாரத்துக்குக் குழாயில் போகும். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டெக்சாஸை 16 நீர்த் திட்ட வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அடுத்த ஐம்பதாண்டுத் தேவைக்குத் திட்டம் எழுதுகிறது. டாலஸ் அடங்கிய வட்டாரம் தன் திட்டத்தில் இந்த ஏரியை எழுதுகிறது. ஏரி அமையவிருக்கும் வடகிழக்கு வட்டாரம் அதை எதிர்க்கிறது. இந்த முரண் நீதிமன்றம் வரை போய் வந்துவிட்டது. திட்டம் கைவிடப்படவும் இல்லை, தொடங்கவும் இல்லை.

கட்ஹேண்ட் என்ற சிற்றூர் வரை சென்றோம். சாலையோர வேலிகளில் ஏரியை நிறுத்து என்ற பலகைகள் வெயிலில் வெளுத்துத் தொங்கின. ஒரு வேலியருகே பேசிய பெண்மணி மாடு வளர்ப்பவர், ஆறாம் தலைமுறை. தன் வீட்டுக் கூடத்தில் அமர்த்தி, குளிர்ந்த தேநீர் கொடுத்து, சமையல் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். நீலப் பென்சிலால் நீர்மட்டக் கோட்டை அவரே வரைந்திருந்தார். தொழுவம் கோட்டுக்குள், வீடு கோட்டுக்கு வெளியே, ஓரத்தில், குடும்பத்தின் கல்லறைகள் கோட்டுக்குள். இந்த ஆற்றங்கரைக் காடுகளின் கடினமரத்தை நம்பி மரம் அறுப்போரும் லாரி ஓட்டுவோரும் காகித ஆலைத் தொழிலாளரும் வாழ்கிறார்கள். கவுண்டிக்கும் பள்ளிக்கும் வரும் வரி அந்த நிலத்திலிருந்து வருகிறது. ஏரி வந்தால் அந்த நிலம் வரிப்பட்டியலை விட்டு நீங்கும். ஆள் குறைந்த கவுண்டியின் பள்ளி மேலும் சிறுக்கும். பள்ளி சிறுத்தால் இருக்கிற இளங்குடும்பங்களும் போகும். எங்கள் மக்கள்தொகை குறைகிறது என்பதையே காரணமாகக் காட்டி எங்கள் நிலத்தைக் கேட்கிறார்கள், நிலத்தை எடுத்த பிறகு குறைவது இன்னும் விரைவாகும் என்றார்.

மைத்துனர் இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் இருவருக்கும் நடந்த உரையாடலை இங்கே எழுதியே ஆக வேண்டும். தாம் ஃபிரிஸ்கோவில் வசிப்பதாக அவர் சொன்னதும் அந்தப் பெண்மணி முகம் சுளிக்கவில்லை. உங்கள் தெருவில் வாரத்துக்கு எத்தனை முறை புல்லுக்கு நீர் ஊற்றுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். இரண்டு முறை என்றார் இவர். உங்கள் புல்லுக்கு நான் எதிரியில்லை, ஆனால் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவது, கசியும் குழாய்களை அடைப்பது, இருக்கிற ஏரிகளில் மீதமுள்ள நீரை வாங்குவது ஆகிய எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறோம் என்றார். 2025 நவம்பர் 4ஆம் தேதி மாநில வாக்காளர்கள் முன் ஒரு முன்மொழிவு வரவிருந்தது: 2027 முதல் இருபதாண்டுகளுக்கு, விற்பனை வரியிலிருந்து ஆண்டுக்கு 100 கோடி டாலர் வரை நீர்ப் பணிகளுக்கு ஒதுக்குவது. பழுது பார்ப்பதற்கும் அதில் பங்குண்டு என்பதால் தான் ஆதரிக்கப் போவதாகவும், ஆனால் பயத்தோடுதான் வாக்களிக்கப் போவதாகவும் சொன்னார்.

காலின் கவுண்டியில் நான் கேட்ட புகார்கள் பொய்யல்ல. நெரிசல் நெரிசல்தான், பின்சுவரருகே நெடுஞ்சாலை வருவது துன்பம்தான். ஆனால் அவர்களுக்கு நகரமன்றம் உண்டு, வாக்குப் பெட்டி உண்டு, விலை ஏறிய வீடும் உண்டு. வளர்ச்சியின் வரவு ஏதும் வாராமல் செலவை மட்டும் ஏற்கிறவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வட டெக்சாஸில் மக்கள்தொகை வளர்ச்சியைப் பற்றி உள்ளூர் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று யாராவது எழுதப் புகுந்தால், கட்ஹேண்ட் சாலையை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

சனி, பிளேனோ

நேற்று முழுவதும் திரும்பி வரும் வழியிலும் ஓய்விலும் கழிந்தது.

இன்று பிளேனோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்க்கச் சென்றோம். கணவர் கணினித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்; 1980களின் தொடக்கத்திலேயே இங்கே குடியேறியவர்கள். 1970இல் பிளேனோவின் மக்கள்தொகை 17,872. செவ்வாயன்று நான் நின்ற பிரின்ஸ்டனின் 2020ஆம் ஆண்டு எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுவே. 1980இல் பிளேனோ 72,331ஐ எட்டியது, 2020இல் 2,85,494. ஆகவே அந்த வீட்டு அக்காவிடம், நீங்கள் வந்த புதிதில் ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“வயலை எல்லாம் அழித்துவிட்டீர்கள் என்றுதான் சொன்னார்கள், அண்ணா. வடக்கிலிருந்து வந்த வெள்ளைக்காரர்களைத்தான் அப்போது அதிகம் திட்டுவார்கள். நாங்கள் ஒன்றிரண்டு குடும்பம். எங்களை விருந்தாளி மாதிரி நடத்தினார்கள். கூட்டம் பெருகிய பிறகுதான் பேச்சு மாறியது” என்றார்.

அவர்களுடைய பிள்ளைகள் இந்த ஊர் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள். பிளேனோ பள்ளி மாவட்டம், மாணவர் எண்ணிக்கை குறைந்ததால், நான்கு பள்ளிகளை மூடுவதென்று 2024 ஜூனில் முடிவெடுத்தது. இரண்டு தொடக்கப் பள்ளிகள், இரண்டு நடுநிலைப் பள்ளிகள். ஃபிரிஸ்கோவும் தன் பழைய நகர்ப் பகுதியில் உள்ள ஸ்டேலி நடுநிலைப் பள்ளியை 2025-26 கல்வியாண்டோடு மூட முடிவெடுத்தது. கவுண்டியின் மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டேயிருக்க, அதன் தென்பாதியில் வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் செலைனாவுக்கும் பிரின்ஸ்டனுக்கும் போகின்றன. அங்கே புதிய பள்ளிகளுக்குக் கடன்பத்திரம். இங்கே நல்ல நிலையில் உள்ள கட்டடங்களுக்குப் பூட்டு. பள்ளிகளை மூடுவது பற்றிய கூட்டத்துக்கு அக்கா போயிருந்தாராம். தன் மகள் படித்த பள்ளிக்காகப் பேச நினைத்துப் போனவர், தம்மை விட இளைய தாய்மார்கள் அழுததைப் பார்த்துவிட்டுத் தமக்குரிய மூன்று நிமிடங்களையும் அவர்களில் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தாராம்.

சாப்பாட்டுக்குப் பின் பேச்சு நீர்ப்பக்கம் திரும்பியது. கட்ஹேண்டில் கேட்டதை மைத்துனரே அவர்களுக்குச் சொன்னார்; நான் குறுக்கிடவில்லை. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் இருந்தும் ரெட் ரிவர் கவுண்டியின் பெயரைத் தாம் கேட்டதில்லை என்றார் அந்த வீட்டுப் பெரியவர். டாலஸ் வட்டார நீர்த் திட்டக் குழுவின் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம். தொலைவிலிருந்து வரும் நிலச் சொந்தக்காரர்கள்தான் வழக்கமாகப் பேசுகிறார்களே தவிர, நீரைக் குடிக்கிற ஊர்களிலிருந்து அவர்களுக்கு ஆதரவாக யாரும் எழுந்து நிற்பதில்லை என்று கட்ஹேண்டில் அந்தப் பெண்மணி வருந்தியிருந்தார். அடுத்த கூட்டம் எங்கே, எப்போது என்று பெரியவர் தம் கைப்பேசியில் தேடத் தொடங்கினார். மைத்துனர் தம் நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பேசுவதற்குப் பெயரை முன்கூட்டியே பதிய வேண்டுமா என்று பாருங்கள் என்றார்.